நம் விவரம் நெட்டில் ஏறிவிட்டால்: கடைக்கு வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

பிரவுசிங் சென்டர் வைத்து இருபது வருடம் ஆகப்போகிறது. ஆரம்பத்தில் ரிசல்ட் பார்க்க வந்தார்கள், பிறகு ரயில் டிக்கெட், அப்புறம் ஆன்லைன் விண்ணப்பம். இப்போது வாரத்துக்கு ஒருவராவது செல்போனை நீட்டி, குரலைத் தாழ்த்தி, "அண்ணே, இதை எப்படியாவது எடுத்துவிட முடியுமா?" என்று கேட்கிறார்கள். நான் வக்கீல் இல்லை. படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன், சிலரோடு ஸ்டேஷன் வரைக்கும் போயிருக்கிறேன். எது நடக்கிறது, எது நடப்பதில்லை என்று ஓரளவு தெரியும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

என் நம்பரை யாரோ பேஸ்புக்கில் போட்டுவிட்டார்கள். உடனே எப்படி அழிப்பது?

அழிப்பது இரண்டாவது வேலை. முதலில் அதை நீங்களே பத்திரப்படுத்த வேண்டும்.

கல்லூரி படிக்கும் பெண் ஒருத்தி வந்தாள். கூடப் படித்தவன் அவள் நம்பரைப் போட்டு, வாயில் சொல்ல முடியாத ஒரு வரியும் எழுதியிருந்தான். ஆத்திரத்தில் அவனுக்கே போன் போட்டுத் திட்டிவிட்டாள். பத்து நிமிடத்தில் அவன் பதிவை எடுத்துவிட்டான். ஆனால் நம்பர் அதற்குள் நாலைந்து குரூப்புக்குப் போய்விட்டது. ராத்திரி முழுக்க தெரியாத ஆட்களின் அழைப்பு. மறுநாள் ஸ்டேஷனில் "எங்கம்மா அந்தப் பதிவு?" என்று கேட்டபோது காட்ட ஒன்றும் இல்லை.

அதனால் பார்த்தவுடன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வெறும் படத்தை வெட்டி எடுத்தால் பயனில்லை. பதிவு முழுதும், போட்டவரின் பக்கமும், தேதியும் நேரமும் தெரிய வேண்டும். பதிவின் லிங்க்கையும் அந்த ஆளின் பக்க லிங்க்கையும் நகலெடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பிக்கொள்ளுங்கள். பெயரை அவர்கள் நிமிடத்தில் மாற்றிவிடுவார்கள், லிங்க் இருந்தால் பிடி இருக்கும். முடிந்தால் கம்ப்யூட்டரில் திறந்து, முகவரிப் பட்டை தெரிய பி.டி.எஃப். ஆகச் சேமியுங்கள். வந்த அழைப்புகளின் பட்டியலையும் அழிக்காதீர்கள். எந்த போனில் எடுத்தீர்களோ அந்த போனை ரீசெட் செய்யவோ விற்கவோ வேண்டாம். வழக்கு என்று போனால், மின்னணு ஆவணத்தோடு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்று தர வேண்டியிருக்கும். பழைய சட்டத்தில் 65பி சான்று என்பார்கள், அதேதான்.

சரி, சேமித்தாயிற்று. யாரிடம் போய் எடுக்கச் சொல்வது?

நிறையப் பேர் நேராக கூகுளிடம் ஓடுகிறார்கள். குழாயை மூடாமல் தரையைத் துடைக்கிற கதை. கூகுள் தேடிக் காட்டுவதை நிறுத்தும், அவ்வளவுதான். பக்கம் இருந்த இடத்திலேயே இருக்கும். லிங்க் கையில் உள்ளவன் திறந்து பார்ப்பான்.

முதலில் போட்டவர். தெரிந்தவர், கெட்ட எண்ணம் இல்லாதவர் என்றால் மரியாதையாக எழுத்தில் கேளுங்கள். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் இப்படியே முடிந்துவிடுகின்றன. சங்கத்துக்காரர், பழைய மாணவர் குழுக்காரர், கோவில் நன்கொடைப் பட்டியலை அப்படியே ஏற்றிய நிர்வாகி: இவர்களுக்கு அது தப்பு என்றே தோன்றியிருக்காது. மிரட்டுகிற ஆள் என்றால் இந்தப் படியைத் தாண்டிவிடுங்கள், பேசவே வேண்டாம்.

அடுத்தது தளம். பதிவின் மூன்று புள்ளியை அழுத்தி ரிப்போர்ட் செய்வது ஒரு வழி. அது எடுபடவில்லை என்றால் குறைதீர் அதிகாரி இருக்கிறார். 2021ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப (ஐ.டி.) விதிகளின்படி இந்தியாவில் இயங்கும் சமூக ஊடகங்கள் அவருடைய பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட்டாக வேண்டும். புகார் கிடைத்ததை 24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ளவும் வேண்டும். அவர் முடிவு திருப்தி இல்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். எல்லாம் ஆன்லைன்தான், வக்கீல் வேண்டாம். அந்தக் குழுக்கள் 2023 தொடக்கத்தில் அமைக்கப்பட்டன. கடைக்கு வருபவர்களில் ஒருவர்கூட அதைக் கேள்விப்பட்டதில்லை.

கடைசியில்தான் கூகுள். 2022 ஏப்ரலிலிருந்து போன் நம்பர், வீட்டு முகவரி, மெயில் முகவரி காட்டும் முடிவுகளையும் நீக்கச் சொல்லி எவரும் படிவம் போடலாம். வங்கிக் கணக்கு எண், கையெழுத்துப் படம் போன்றவற்றுக்கு அதற்கு முன்பே வழி இருந்தது. மூலப் பக்கம் போன பிறகும் கூகுளில் பழைய வரி தெரிந்தால் அதற்குத் தனிப் படிவம் இருக்கிறது. அதைப் போட்டால் புதுப்பித்துவிடுவார்கள்.

ஒரு போன் நம்பர், ஒரு பிறந்த தேதி. இதில் என்ன பெரிதாகக் கெட்டுவிடப் போகிறது?

2018 ஜூலையில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் அப்போதைய தலைவர் ஆர்.எஸ். சர்மா, தன் ஆதார் எண்ணை ட்விட்டரில் போட்டு, "இதை வைத்து எனக்கு என்ன தீங்கு செய்ய முடியும்?" என்று சவால் விட்டார். கொஞ்ச நேரத்தில் அவருடைய செல் நம்பர், பான் எண், பிறந்த தேதி என்று ஆளாளுக்கு எடுத்து அடுக்கினார்கள். எங்கள் தரவுத்தளத்திலிருந்து எதுவும் போகவில்லை என்றது ஆதார் ஆணையம். விஷயமே அதுதானே? தரவுத்தளத்தை உடைக்க வேண்டிய தேவையே யாருக்கும் இல்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடப்பதைக் கோத்தால் ஆள் முழுசாக வந்துவிடுகிறார்.

அவர் பெரிய அதிகாரி, தாங்கிக்கொண்டார். நம் தெருவில் தனியாக இருக்கும் பெண்ணின் நம்பரும் வீட்டு வாசலும் ஒன்றாக வந்தால் கதை வேறு.

மகளுக்கு வரன் பார்க்க பயோடேட்டாவை குரூப்பில் போட்டோம். கல்யாணம் முடிந்து மூன்று வருடம் ஆகிறது, இன்னமும் போன் வருகிறது.

எங்கள் வீட்டிலேயே நடந்தது. அக்கா மகளின் ஜாதகத்தை நான்தான் டைப் செய்து, ஓரத்தில் பிள்ளையார் சுழி போட்டு, பி.டி.எஃப். ஆக்கிக் கொடுத்தேன். அந்த ஒரே பக்கத்தில் என்னென்ன இருந்தது தெரியுமா? பெயர், பிறந்த தேதி, நிமிடம் வரைக்கும் பிறந்த நேரம், ஊர், நட்சத்திரம், உயரம், நிறம், படிப்பு, கம்பெனி பெயர், சம்பளம், அப்பா அம்மா வேலை, சொந்த வீடு எத்தனை, எத்தனை சவரன் போடுவோம், வீட்டு முகவரி, இரண்டு செல் நம்பர், பட்டுப்புடவையில் ஒரு முழு உயரப் போட்டோ. பேங்க்கில் கணக்குத் திறக்கக்கூட இவ்வளவு கேட்பதில்லை.

தரகர் அதை அஞ்சாறு சமூகக் குரூப்புகளில் போட்டார். அங்கிருந்து யாரோ தூக்கி ஒரு வரன் பட்டியல் வலைப்பக்கத்தில் ஏற்றிவிட்டார்கள். நிச்சயம் முடிந்த மறுமாதம் மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, உன் வீட்டுக்காரிக்கு இன்னும் வரன் தேடுறாங்க போல" என்று கேட்டிருக்கிறார். வீட்டில் ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை.

பெயரையும் ஊரையும் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடி அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தேன். அடியில் ஒரு ஜிமெயில் முகவரி மட்டும் இருந்தது. எழுதினோம், மூன்றாம் நாள் எடுத்துவிட்டார்கள். குரூப்புகளில் சுற்றுவதை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. உண்மையைச் சொன்னால் யாராலும் முடியாது. அதற்கென்று கொடுத்த நம்பரை மாற்றியதுதான் ஒரே தீர்வாக இருந்தது.

இப்போது கடைக்கு வருபவர்களுக்கு ஜாதகத்தை இரண்டு தாளாகத்தான் போட்டுக் கொடுக்கிறேன். முதல் தாளில் முதலெழுத்து, வயது, படிப்பு, மாவட்டம், ராசி, நட்சத்திரம், வீட்டுப் பெரியவர் ஒருவரின் நம்பர். அந்த நம்பரும் இதற்கென்று வாங்கிய தனி சிம் என்றால் உத்தமம். பத்துப் பொருத்தம் பார்க்க நட்சத்திரமும் ராசியும் போதும், பிறந்த நிமிடம் முதல் நாளே தேவையில்லை. பொருத்தம் சரியாக இருந்து பேச்சு நகர்ந்தால் இரண்டாவது தாள், அதுவும் அந்த வீட்டுக்கு மட்டும். போட்டோவின் குறுக்கே, இன்னார் வீட்டுக்கு அனுப்பியது என்று மங்கலாக எழுதி அனுப்பலாம். "போட்டோ இல்லாம எவன் சார் பாப்பான்?" என்று தரகர்கள் சலித்துக்கொள்வார்கள். சலிக்கட்டும்.

வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் அது வெளியிட்டதாக ஆகுமா?

இருநூறு பேர் இருக்கிற குரூப் வீட்டுத் திண்ணை அல்ல. ஆபாசமாகவோ மிரட்டலாகவோ போட்டிருந்தால் குரூப் என்பதால் தப்பிக்க முடியாது. என்ன சிக்கல் என்றால், வெளியே இருந்து யாரும் அதைத் தேடி எடுக்க முடியாது. உள்ளே இருக்கும் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் தந்தால்தான் உண்டு. ஆத்திரத்தில் குரூப்பை விட்டு வெளியேறாதீர்கள்.

அரசாங்க இணையதளத்திலேயே என் விவரம் இருக்கிறதே?

இருக்கும். வாக்காளர் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள்: பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது. பத்திரப்பதிவுத் துறை தளத்தில் வில்லங்கச் சான்று போட்டால் யார் விற்றார், யார் வாங்கினார், எந்த சர்வே எண் என்று இலவசமாகவே பார்க்கலாம். இவை பொதுவில் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. கள்ள ஓட்டும் போலிப் பத்திரமும் பிடிபடுவது இதனால்தான். இவற்றை எடுக்கச் சொல்லிக் கேட்டுப் பயனில்லை, கேட்கவும் கூடாது என்பது என் கருத்து.

இந்தக் கோட்டை உச்ச நீதிமன்றம் போட்டதே ஒரு தமிழ்நாட்டு வழக்கில்தான். தூக்குத் தண்டனை பெற்றிருந்த ஆட்டோ சங்கர் எழுதிய வாழ்க்கைக் கதையை நக்கீரன் பத்திரிகை வெளியிடக் கூடாது என்று சிறை அதிகாரிகள் தடுத்தார்கள். 1994இல் தீர்ப்பு வந்தது. ஒருவரின் குடும்பம், திருமணம், பிள்ளைகள், படிப்பு பற்றி அவர் சம்மதம் இல்லாமல் எழுதக் கூடாது, தனித்து விடப்படும் உரிமை அவருக்கு உண்டு. ஆனால் நீதிமன்றப் பதிவு போன்ற பொது ஆவணத்தில் இருப்பதை எழுதலாம். வெளிவரும் முன்பே தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லை என்றது. பொது ஆவணம் என்றாலும் பாலியல் வன்முறைக்கும் கடத்தலுக்கும் ஆளான பெண்ணின் பெயர் வெளிவரக் கூடாது என்று அதற்குள்ளேயே ஒரு விலக்கும் வைத்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தது இதற்கு 23 வருடம் கழித்து.

அந்த விலக்கு எவ்வளவு முக்கியம் என்பது 2024 டிசம்பரில் தெரிந்தது. அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவிக்கு நேர்ந்த பாலியல் வன்முறை வழக்கின் எஃப்.ஐ.ஆர்., அவருடைய சொந்த விவரங்களோடு காவல்துறை தளத்திலிருந்து இறங்கிப் பரவியது. இதுபோன்ற எஃப்.ஐ.ஆர். தானாகப் பூட்டப்பட வேண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலிருந்து, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுக்கு (பி.என்.எஸ்.) மாறியபோது வந்த தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் சொன்னார்கள். மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை உயர் நீதிமன்றம் அமைத்தது. அந்த மாணவிக்கு அரசு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர வேண்டும் என்றும் நீதிமன்றம் உத்தரவிட்டது. கோளாறு இருக்கட்டும். அதைப் பார்வர்டு செய்த விரல்களுக்கு என்ன விளக்கம்? என் கடையிலேயே ஒருவர் பிரிண்ட் கேட்டார். போடவில்லை. பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவதே பி.என்.எஸ். 72ஆம் பிரிவின்படி குற்றம்.

வழக்கில் விடுதலை ஆகிவிட்டேன். ஆனாலும் என் பெயரைத் தேடினால் தீர்ப்புதான் முதலில் வருகிறது. வேலை கிடைக்கவில்லை.

இதற்கு இன்னும் தீர்ந்த பதில் கிடையாது. உங்களைப் போலவே விடுதலையான ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2021இல் தனி நீதிபதி, அவர் வலியைப் புரிந்துகொண்டாலும், சட்டம் இல்லாமல் உத்தரவிட முடியாது என்று தள்ளுபடி செய்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, அந்தத் தீர்ப்பை எடுக்கும்படி தீர்ப்புகளைத் தொகுத்துத் தரும் தளத்துக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. இப்போதைக்கு வக்கீல் மூலம் பெயரை மறைக்கச் சொல்லி மனுப் போடலாம், கிடைத்தாலும் கிடைக்கலாம். நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது விடுதலைத் தீர்ப்பின் சான்றிட்ட நகலைக் கையோடு வைத்திருங்கள்.

கடன் ஆப் எடுத்தேன். என் போட்டோவை மார்ஃப் செய்து காண்டாக்டில் இருப்பவர்களுக்கெல்லாம் அனுப்புகிறார்கள்.

பணத்தைத் திரும்ப அனுப்பி வாயை அடைக்கலாம் என்று நினைக்காதீர்கள். அனுப்பியவர்களுக்குத்தான் அடுத்த ரவுண்டு வருகிறது.

நடப்பது இதுதான். ஆப்பை இறக்கும்போது கேட்கும் அனுமதி எல்லாவற்றுக்கும் சரி, சரி என்று அழுத்துகிறோம். பெயர் நம்பரோடு போன்புக் முழுதும் போய்விடுகிறது. காண்டாக்ட், கேலரி, கால் விவரம் எதையும் கடன் ஆப்கள் தொடக் கூடாது என்று 2022 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. 2023 மே இறுதியிலிருந்து கூகுள் பிளே ஸ்டோரும் இதைத் தடை செய்திருக்கிறது. அதனால் காண்டாக்ட் கேட்கிற கடன் ஆப் என்றாலே சட்டத்துக்கு வெளியே இருக்கும் ஆப் என்று வைத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் சேமித்துக்கொண்டு, அனுமதிகளை நீக்கி, ஆப்பை அழியுங்கள். சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் பேசுங்கள், ரிசர்வ் வங்கியின் சசேத் தளத்திலும் புகார் போடுங்கள். அதோடு, கூச்சத்தை விட்டு உங்கள் காண்டாக்டில் எல்லாருக்கும் நீங்களே ஒரு மெசேஜ் அனுப்புங்கள்: "கடன் ஆப் மோசடிக்காரர்கள் என் பெயரில் பொய்ப் படம் அனுப்புகிறார்கள். வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பிவிட்டு பிளாக் செய்யுங்கள்." மிரட்டுகிறவனின் ஒரே ஆயுதம் உங்கள் மாமனாருக்குத் தெரிந்துவிடும் என்பது. மாமனாரிடம் நீங்களே சொல்லிவிட்டால் அவனிடம் வேறு எதுவும் இல்லை.

அந்தரங்கப் படத்தை வெளியிடுவேன் என்று மிரட்டுகிறான். அல்லது, வெளியிட்டே விட்டான்.

படம் நீங்களே விரும்பி எடுத்ததாக இருக்கலாம், அனுப்பியதாகவும் இருக்கலாம். எடுக்கச் சம்மதித்ததும் ஊருக்குக் காட்டச் சம்மதித்ததும் ஒன்றல்ல. இதைச் சட்டமே வெளிப்படையாகச் சொல்கிறது: பெண் படம் எடுக்கச் சம்மதித்திருந்தாலும், பரப்பச் சம்மதிக்காதபோது பரப்பினால் அது பி.என்.எஸ். 77ஆம் பிரிவுக் குற்றம். ஐ.டி. சட்டத்தின் 66இ, ஆண் பெண் யாருடையதானாலும் அந்தரங்க உறுப்பின் படத்தைச் சம்மதமின்றிப் பிடிப்பதற்கும் பரப்புவதற்கும் மூன்று வருடம் வரை சிறை என்கிறது. பாலியல் செயல் உள்ள படம் என்றால் 67ஏ, முதல் முறைக்கே ஐந்து வருடம் வரை. அதனால் "நீதானே அனுப்பினாய்?" என்று யார் கேட்டாலும், அது போலீஸ்காரராகவே இருந்தாலும், தலைகுனிய வேண்டாம்.

இன்னும் வெளிவரவில்லை, மிரட்டல் மட்டும் என்றால் ஸ்டாப் என்.சி.ஐ.ஐ. என்ற தளம் இருக்கிறது. 2021 டிசம்பரிலிருந்து இயங்குகிறது. உங்கள் படத்தை அவர்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் போனிலேயே படத்துக்கு ஒரு டிஜிட்டல் கைரேகை உருவாகி, அந்தக் கைரேகை மட்டும் போகிறது. பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போல அதில் சேர்ந்துள்ள தளங்களில் யாராவது அதே படத்தை ஏற்றினால் பிடித்துவிடும். 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இது. அதற்குக் கீழே என்றால் டேக் இட் டவுன் என்ற சேவை. ஆனால் சேராத தளங்களிலும் டெலிகிராம் குரூப்புகளிலும் இது உதவாது.

வெளிவந்துவிட்டது என்றால் குறைதீர் அதிகாரிக்குப் புகார் போடுங்கள். இந்த வகைப் படத்துக்கு 2021 விதிகள் 24 மணி நேரக் கெடு வைத்தன. மார்ஃப் செய்த படத்துக்கும் அது பொருந்தும், உங்கள் சார்பில் வேறொருவரும் புகார் போடலாம். 2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞரின் வழக்கில், அவருடைய படங்களை 48 மணி நேரத்துக்குள் எல்லா இடத்திலிருந்தும் நீக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. எடுத்த பிறகும் அவை வேறு வேறு தளங்களில் முளைத்தன. அதைத் தொடர்ந்து, இப்படிப்பட்ட புகார்களை எப்படிக் கையாள வேண்டும் என்று மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் நடைமுறை வகுத்தது.

தனியாக இதைச் செய்யாதீர்கள். அக்காவோ, தோழியோ, வீட்டில் பதறாத ஒருவரோ பக்கத்தில் இருக்கட்டும். லிங்க்குகளைத் தேடி எடுக்கும் வேலையை அவர்களிடம் கொடுங்கள். அதை நீங்களே திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியதில்லை.

போலீஸில் புகார் எடுப்பார்களா?

சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் முதலில் பதிவு செய்யுங்கள். பெண்கள், குழந்தைகள் தொடர்பான படங்கள் என்றால் பெயர் சொல்லாமலும் பதியலாம். ஆனால் பெயர் சொல்லாத புகாரின் நிலை என்ன என்று பின்னால் கேட்டுத் தெரிந்துகொள்வது கஷ்டம். பணம் போயிருந்தால் 1930, அதுவும் அந்த மணி நேரத்திலேயே. மாவட்டத்துக்கு மாவட்டம் சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. "இது எங்க லிமிட் இல்லை" என்று திருப்பி அனுப்பினால், எல்லை பார்க்காமல் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173ஆம் பிரிவில் இடம் இருப்பதைச் சொல்லுங்கள். குறைந்தபட்சம் புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் படியிறங்காதீர்கள். அப்படியும் நகரவில்லை என்றால் எஸ்.பி. அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் மனு, அடுத்தது மாஜிஸ்திரேட்.

முடியவே முடியாது என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 2004இல் சென்னையில் ஒரு பெண்ணின் பெயரில் யாஹூ குரூப்பில் ஆபாசமாக எழுதி, அவருக்குத் தொல்லை அழைப்புகள் வரச் செய்தான் ஒருவன். பிப்ரவரியில் புகார், நவம்பரில் எழும்பூர் நீதிமன்றத்தில் தண்டனை. ஐ.டி. சட்டம் 67ஆம் பிரிவில் நாட்டிலேயே கிடைத்த முதல் தண்டனையாக இதைச் சொல்வார்கள்.

புதிதாக வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் உதவாதா?

கொஞ்சம். 2023 ஆகஸ்ட் 11 அன்று ஒப்புதல் பெற்றது, விதிகள் வந்தது 2025 நவம்பரில். கம்பெனிகள் மீதான முக்கியக் கடமைகள் விதிகள் வந்து 18 மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். அதன் பிறகு, உங்கள் சம்மதத்தின் பேரில் தரவு வைத்திருக்கும் நிறுவனத்திடம் திருத்தச் சொல்லலாம், அழிக்கச் சொல்லலாம். தரவைப் பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம்.

ஆனால் தனிப்பட்ட, வீட்டுத் தேவைக்காக ஒருவர் வைத்திருக்கும் தரவுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. நீங்களே பொதுவெளியில் போட்டதற்கும் பொருந்தாது. பழிவாங்க நம்பரைப் போட்ட பழைய காதலனை இதை வைத்துப் பிடிக்கலாம் என்று எண்ண வேண்டாம். போகிற போக்கில், தனிநபர் தகவலைத் தர மறுக்க இடம் தரும் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவை இதே சட்டம் இறுக்கிவிட்டது. பொதுநலன் இருந்தால் தரலாம் என்று அந்தப் பிரிவிலேயே இருந்த வாசகத்தைக் காணோம். ஊராட்சிக் கணக்கைக் கேட்பவர்களிடம் "இது தனிநபர் தகவல்" என்று கைவிரிக்க இது வசதியாகப் போய்விடும் என்பது என் பயம்.

சிங்கப்பூரில் இருக்கிறேன். அங்கே?

உங்கள் நிலைமை தேவலை. தொல்லை தரவோ பயமுறுத்தவோ ஒருவரின் அடையாள விவரத்தை வெளியிடுவதே அங்கே 2020 ஜனவரியிலிருந்து தனிக் குற்றம். இந்தியாவில் அப்படி நேரடியாக ஒரு பிரிவு இல்லை, நாம் நாலைந்து பிரிவுகளை ஒட்டுப்போட வேண்டியிருக்கிறது.

பிள்ளைகளின் போட்டோவை பள்ளிக்கூடமே போடுகிறது. கேட்டால் "எல்லாரும் கேட்காம இருக்காங்களே" என்கிறார்கள்.

எழுத்தில் கேளுங்கள். பெயர், வகுப்பு, சீருடை, வேன் நிறுத்தம் எல்லாம் ஒரே படத்தில் வரக் கூடாது என்று கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். 2017இலிருந்து அரசே பொதுத்தேர்வில் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்திவிட்டது. பிளெக்ஸ் வைப்பவர்கள் மட்டும் நிறுத்தவில்லை. அப்படியே, பெற்றோரும் தங்கள் பக்கத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். "பாப்பாவுக்கு இன்று முதல் நாள் ஸ்கூல்" என்று வாசல் போர்டோடு போடுகிறவர்கள் நாம்தானே.

உங்கள் கடையிலேயே எத்தனையோ தடவை ஆதார் பிரிண்ட் எடுத்திருக்கிறேன். அதெல்லாம் எங்கே?

போன வருடம் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் கேட்டார். சட்டென்று பதில் வரவில்லை. அன்று இரவு ஷட்டரை இறக்கிவிட்டு டவுன்லோடு போல்டரைத் திறந்தேன். வாட்ஸ்அப் வெப்பில் வந்தது, மெயிலில் வந்தது, பென் டிரைவிலிருந்து இழுத்துப் போட்டது என்று ஆதார், பான், பாஸ்புக் முதல் பக்கம், சாதிச் சான்று, இறப்புச் சான்று. ஸ்க்ரோல் செய்து முடியவில்லை. அதில் என் மச்சானின் சம்பளச் சீட்டும் இருந்தது. அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்து முடிக்க மணி பதினொன்று ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு தினமும் கடை மூடும் முன் அழித்துவிடுகிறேன். சரியாக வராத பிரிண்டுகளை முன்பு பேப்பர் கடைக்குப் போடுவேன். ஒருநாள் டீக்கடையில் வாங்கிய வடையைப் பிரித்தால் உள்ளே யாரோ ஒரு அம்மாவின் ரேஷன் கார்டு நகல், எண்ணெயில் ஊறி, பெயர் நன்றாகவே தெரிந்தது. இப்போது நாலாகக் கிழித்துத்தான் போடுகிறேன்.

உங்கள் பக்கம் செய்ய வேண்டியது: கடை நம்பருக்கு அனுப்பிய பைலை பிரிண்ட் வந்ததும் எல்லாருக்குமாக அழியுங்கள். உங்கள் வாட்ஸ்அப்பைக் கடை கம்ப்யூட்டரில் திறந்திருந்தால் போனில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற இடத்தில் போய் வெளியேறுங்கள். முடிந்த இடத்திலெல்லாம் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள், கடைசி நாலு எண் மட்டும் தெரியும், ஆணையத்தின் தளத்திலேயே கிடைக்கும். நகலின் குறுக்கே எதற்காக, எந்தத் தேதி என்று பேனாவால் எழுதுங்கள்.

வாத்தியாரிடம் இதையெல்லாம் சொன்னபோது, "அந்தப் பெரிய மெஷினுக்குள்ள எதுவும் தங்காதா?" என்று கேட்டார். சர்வீஸுக்கு வந்த பையனிடம் விசாரித்தேன். பெரிய ஜெராக்ஸ் மெஷின்கள் பலவற்றில் ஹார்ட் டிஸ்க் இருக்குமாம், எடுத்த நகல் அதில் பதிந்திருக்கவும் கூடுமாம். என்னுடையதிலும் இருக்கிறது. எக்ஸ்சேஞ்சில் போடும்போது அதைக் கழற்றிக் கையில் கொடுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன்.